ஆபீஸ்ல ஒரு தம்பிக்குப் போதைப் பழக்கம்னு சந்தேகம், முதலாளியா நான் என்ன பண்றது? – ஒரு ஆச்சிக்கு வக்கீலோட பதில்

காரைக்குடில இருந்து பைக்ல இருபது நிமிஷத் தூரத்துல இருக்குற ஒரு ஊர்ல இருந்து ஒரு ஆச்சி நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. ஊர் பேரு, கம்பெனி பேரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், ரெண்டு மூணு விவரத்தை மாத்தியும் இருக்கேன், ஏன்னா நம்ம பக்கம் ஒரு வீட்டோட அடையாளம் லேசா சொன்னா போதும், எந்தக் கோயில், எந்த வளவுன்னு அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாங்க.

லெட்டரோட சுருக்கம் இதான். மாமனார் காலத்து வீடு, முகப்பையும் வளவையும் அப்படியே விட்டுட்டு இரண்டாங்கட்டை மட்டும் ஏசி போட்டு ஆபீஸா மாத்தி, ஆறு வருஷமா அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் பண்ணிக் கொடுக்குறாங்க. 34 பேர் வேலை பாக்குறாங்க, சாயங்காலம் ஆறரைல இருந்து ராத்திரி மூணரை வரைக்கும் ஷிப்டு. அதுல ஒரு டீம் லீடர், 26 வயசு, சம்பளம் 19,500. ஆச்சியோட மாமனார் கிட்ட முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவரோட மகன். ரொம்ப கெட்டிக்காரப் பையன், ஆனா மூணு மாசமா வேலைல தப்பு மேல தப்பு வருது, பாதி ஷிப்டுல பின்கட்டுக்குப் போனா அரைமணி நேரம் ஆளைக் காணோம், வந்தா கண்ணு செவந்திருக்கு. போன வாரம் கூட்ட வந்த அம்மா கிணத்தடி மாடத்துல கஞ்சா மாதிரி தெரிஞ்ச ஒரு சின்னப் பொட்டலத்தையும், பக்கத்துல வலி மாத்திரையோட காலி அட்டையையும் பாத்து எடுத்துட்டு வந்திருக்காங்க. ராத்திரி டீ கொண்டு வர்ற பையன் மூலமாத்தான் சரக்கு உள்ள வருதுன்னு ஸ்டாஃப் நடுவுல பேச்சு. மேனேஜர் அந்தப் பொட்டலத்தை பீரோல பூட்டி வச்சுக்கிட்டு, "ஆன்லைன்ல டெஸ்ட் கிட் வாங்கி 34 பேருக்கும் யூரின் டெஸ்ட் எடுத்துடலாம், மாட்டுறவன்கிட்ட ராஜினாமா லெட்டர் எழுதி வாங்கிடலாம், முரண்டு பிடிச்சா மறுவாழ்வு சென்டர் வேனை வரச்சொல்லிடலாம்"னு சொல்றாராம். இது பத்தாதுன்னு அமெரிக்க கிளையன்ட் அனுப்பின ஃபார்ம்ல உங்க ஆபீஸ் போதைப் பொருள் இல்லாத இடம்தானான்னு ஒரு கேள்வி வேற. "கேட்டா அந்தக் குடும்பம் கெட்டுப்போகும், கேக்காட்டி என் ஆபீஸ் கெட்டுப்போகும், ரெண்டு வாரமா தூக்கமில்ல"ன்னு முடிச்சிருக்காங்க.

ஆச்சி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். பொட்டலம் கையில கிடைச்ச பிறகும் அந்தத் தம்பியோட அப்பா முகத்தை நினைச்சுப் பாக்குற மனசு உங்களுக்கு இருக்கு, அதனாலதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தத் தம்பி என்ன சாப்பிடுறார்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்ல, அது டாக்டரோட வேலை. பொட்டலம் யாரோடதுன்னு கண்டுபிடிக்கிறதும் உங்க வேலை இல்ல, அது போலீஸோட வேலை. ஆபீஸ்ல வேலை எப்படி நடக்குது, ஆள் பத்திரமா இருக்காரா, உங்க இடம் தப்பான காரியத்துக்குப் பயன்படுதா, இந்த மூணுதான் உங்களோடது. மேனேஜர் சொன்ன மூணு யோசனையுமே இந்த எல்லையைத் தாண்டிப் போகுது, அதனாலதான் மூணுலயும் நீங்க மாட்டிக்குவீங்க.

முதல்ல அந்தப் பொட்டலம்

பீரோல பூட்டி வச்சிருக்கோம்னு நீங்க எழுதின இடத்தைப் படிச்சதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. 1985ல வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துல, என்.டி.பி.எஸ்.னு சொல்லுவாங்க, கஞ்சா கையில வச்சிருக்கிறதே குற்றம். ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, அதுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் இல்ல 10,000 ரூபாய் வரை அபராதம் இல்ல ரெண்டும். நாளைக்கு யாராவது புகார் கொடுத்து போலீஸ் வந்து பீரோவைத் திறந்தா, "சாட்சிக்காக வச்சிருந்தோம்"னு மேனேஜர் சொல்றதை அந்த இடத்துல யாரும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க, சாவி யார் கையில இருக்குன்னுதான் பாப்பாங்க. டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திடலாம்னும் நினைக்காதீங்க, அது தடயத்தை அழிச்ச மாதிரி ஆகிடும். ஒரு வக்கீலைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய், இன்ன தேதி இன்ன நேரத்துல கிணத்தடி மாடத்துல கிடைச்சது, இன்னார் எடுத்தாங்க, அன்னைல இருந்து இன்னார் கிட்ட இருந்துச்சுன்னு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து ஒப்படைச்சிடுங்க. இத்தனை நாள் வச்சிருந்ததையும் மறைக்க வேணாம். அந்த லெட்டர்ல தம்பியோட பேரை எழுதாதீங்க. மாடத்துல கிடந்தது அவரோடதுன்னு உங்களுக்குத் தெரியாது, சந்தேகம் வேற, தெரிஞ்சது வேற.

"போலீஸுக்குச் சொல்லலேன்னா என் மேல கேஸ் வருமா"ன்னு கேட்டிருந்தீங்க. ஒரு ஊழியருக்குப் பழக்கம் இருக்கும்னு சந்தேகம் வந்தா உடனே ஓடிப்போய்ச் சொல்லணும்னு தனியார் முதலாளிக்கு அந்தச் சட்டத்துல கட்டாயம் இல்ல. ஆனா 25வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதைத்தான் நீங்க கவனிக்கணும். தன்னோட இடத்துல இந்தக் குற்றம் நடக்குதுன்னு தெரிஞ்சும் இடம் கொடுத்தா, குற்றம் பண்ணவருக்கு என்ன தண்டனையோ அதேதான் இடத்துக்காரருக்கும். இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது, சரி. இப்ப தெரிஞ்சிடுச்சு. அதனால இந்த வாரமே கிணத்தடிக் கதவுக்குப் பூட்டு போடுங்க, அந்த வழில லைட்டும் கேமராவும் வைங்க (பாத்ரூம் பக்கம், பொண்ணுங்க ரெஸ்ட் எடுக்குற அறைப் பக்கம் கேமரா கூடவே கூடாது), இந்த வளாகத்துக்குள்ள போதைப் பொருள், மது, புகையிலை எதுவும் கூடாதுன்னு எல்லாருக்கும் எழுத்துல ஒரு சர்க்குலர் விட்டுக் கையெழுத்து வாங்குங்க. கூல் லிப், ஹான்ஸ் எல்லாத்தையும் அதுல பேர் சொல்லியே எழுதுங்க, 2013ல இருந்தே தமிழ்நாட்டுல தடை பண்ண சாமான்தான், ஆனா பசங்க அதை மிட்டாய் மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

அந்த மாத்திரை அட்டையையும் "அது மாத்திரைதானே"ன்னு விட்டுடாதீங்க. டிராமடால்ங்கிற வலி மாத்திரை 2018ல இருந்து இதே சட்டத்துக்குள்ள வந்தாச்சு. டேப்பன்டடால் மாதிரி மாத்திரைங்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. கஞ்சாவை விட இந்த மாத்திரைங்கதான் எனக்கு அதிக பயம், அளவு கொஞ்சம் கூடினாலும், சாராயத்தோடயோ தூக்க மாத்திரையோடயோ சேந்தாலும் தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். உங்க ஆபீஸ்ல யாராவது எழுப்பினாலும் எழும்பாம, உதடு நீலமா, குறட்டை மாதிரி விட்டு விட்டு மூச்சு விட்டுக்கிட்டு கிடந்தா, தூங்கட்டும்னு விடாம 108 கூப்பிடுங்க.

34 பேருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்காதீங்க. கிளையன்ட் ஃபார்ம்ல கேட்டிருக்காங்க, அமெரிக்கச் சட்டம் கட்டாயம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுதுன்னு எழுதியிருந்தீங்க, அது தப்பான புரிதல். அங்க 1988ல போதையில்லா பணியிடச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அது அமெரிக்க மத்திய அரசோட கான்ட்ராக்ட், மானியம் வாங்குறவங்களுக்கு உள்ளது. அதுல கூட டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு இல்ல. எழுத்துல ஒரு கொள்கை வை, ஊழியர்களுக்கு விழிப்புணர்வு கொடு, வேலை இடத்துல போதைக் குற்றம் பண்ணி ஒருத்தருக்குக் கோர்ட்ல தண்டனை ஆனா அவர் அஞ்சு நாளைக்குள்ள உனக்குச் சொல்லணும், நீ 30 நாளைக்குள்ள நடவடிக்கை எடு இல்ல சிகிச்சைக்கு அனுப்பு, இதான் அதோட சாரம். உங்க கிளையன்ட் கான்ட்ராக்ட்ல டெஸ்ட்னு தனியா ஒரு ஷரத்து இருந்தா மட்டும் எனக்கு அனுப்புங்க, பாப்போம். இல்லேன்னா உங்க சர்க்குலரோட காப்பியை இணைச்சு ஃபார்மை நிரப்பி அனுப்பலாம்.

நம்ம நாட்டுல விமானம் ஓட்டுறவங்களுக்கு 2022 ஜனவரி கடைசில இருந்து போதைப் பொருள் டெஸ்ட் நடைமுறைல இருக்கு. ஒரு உயிர் ரெண்டு உயிர் இல்ல, நூத்துக்கணக்கான உயிர் அவங்க கையில. பில்லிங் ஆபீஸ்க்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. 2017ல சுப்ரீம் கோர்ட் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லியாச்சு. சம்மதம் இல்லாம ஒருத்தர்கிட்ட கட்டாயப்படுத்தி மாதிரி எடுக்குறது, பையைப் பிடுங்கிச் சோதனை போடுறது, சட்டையில கை விடுறது எல்லாம் உங்க மேனேஜர் மேலயே கிரிமினல் புகாரா திரும்பும். போலீஸ் ஒருத்தரை உடம்புச் சோதனை போடுறதுக்கே, மாஜிஸ்திரேட் இல்ல கெஜட்டட் ஆபீசர் முன்னாடி சோதனை போடச்சொல்லிக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லணும்னு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துல 50வது பிரிவு இருக்கு, உங்க மேனேஜருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

சட்டத்தை விடுங்க, டெஸ்ட் என்ன சொல்லும்னு பாருங்க. தினமும் கஞ்சா இழுக்குறவங்களுக்கு விட்ட பிறகும் ஒரு மாசம் வரைக்கும் யூரின்ல காட்டலாம், எப்பவாவது இழுக்குறவங்களுக்கு மூணு நாலு நாள்ல போயிடும். அதாவது நேத்து ராத்திரி வேலை நேரத்துல போதைல இருந்தாரான்னு அந்த கிட் சொல்லவே சொல்லாது. சளிக்குச் சாப்பிடுற சில மாத்திரைங்க வேற போதைப் பொருள் மாதிரி காட்டிடும். அப்புறம் கசகசா! நம்ம வீட்டு வெள்ளைக் குருமால அரைச்சு விடுறோம்ல, அதுல ஒட்டியிருக்குற துளி மார்ஃபின் டெஸ்ட்ல ஓபியம் ரகமா தெரிஞ்சுடலாம். அமெரிக்கால இதனாலயே 1998ல அந்த டெஸ்டோட வரம்பை 300 நானோகிராம்ல இருந்து 2,000க்கு ஏத்தினாங்க. வளைகுடாவுக்குப் போறவங்க பெட்டில கசகசா வைக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு திங்கக்கிழமை கிட்ல கோடு விழுந்த ஒரு பொண்ணை 33 பேர் முன்னாடி நிக்க வச்சா, அப்புறம் நீங்க என்ன மன்னிப்புக் கேட்டாலும் அந்தப் பொண்ணுக்குப் போனது திரும்பாது.

பின்னாடி ஒரு காலத்துல டெஸ்ட் வேணும்னா, வேலைக்குச் சேரும்போதே எழுத்துல சொல்லி, சம்மதம் வாங்கி, அங்கீகாரம் உள்ள லேப்ல எடுத்து, முதல் கிட்ல காட்டினா உறுதிப்படுத்துற ரெண்டாவது டெஸ்டும் எடுத்து, ரிசல்ட்டை ஒரு டாக்டர் பாத்துச் சொல்லி, உங்களைத் தவிர ஆபீஸ்ல வேற யார் கண்ணுலயும் படாம வச்சா மட்டும்தான் அது நிக்கும்.

ராஜினாமா எழுதி வாங்குறது

இதுல எனக்கே ஒரு அனுபவம் இருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து நிறுவனம் ஒண்ணுக்காக நான் ஆஜரானேன், பேர் வேணாம். அங்க ஒரு கணக்குப் பையனை ராத்திரி பத்தரை மணிக்கு ரூமுக்குள்ள உக்கார வச்சு, மூணு பேர் சுத்தி நின்னு, "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு எழுதி வாங்கியிருந்தாங்க. அந்தத் தாளை நான் கையில வாங்கிப் பாத்தப்ப முதல் வரில அவர் பேரையே தப்பா எழுதி அடிச்சுத் திருத்தியிருந்தது, தேதி வேற ஒருத்தர் கையெழுத்துல இருந்தது. அந்த ஒரு தாளை வச்சுக்கிட்டு மூணு வருஷம் மதுரைக்கு அலைஞ்சோம், கடைசில வேலையும் கொடுத்து பாக்கிச் சம்பளமும் கொடுக்கணும்னு ஆச்சு. ஜெயிச்ச பையன் திரும்பி வர்ற நிலைமைலயே இல்ல, அந்த மூணு வருஷத்துல பழக்கம் ரொம்ப முத்திப்போயிருந்தது. நிறுவனத்துக்காகப் பேசினவன் நான், ஆனா அந்தப் பையனோட அம்மா கோர்ட் வாசல்ல நின்னது இன்னும் எனக்கு மறக்கல.

உங்க ஆபீஸ்க்கு 1947ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதுல 41வது பிரிவு, தொடர்ந்து ஆறு மாசம் வேலை பாத்த ஒருத்தரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்குப் பதில் சம்பளமோ கொடுக்காமலும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. தப்பு நடந்துச்சுன்னு முறையா விசாரணை வச்சு, சாட்சியத்தைப் பதிவு பண்ணி நிரூபிச்சிருந்தா மட்டும் அந்த நோட்டீஸ் தேவையில்ல. விசாரணைன்னா, என்ன தப்புன்னு தேதி நேரத்தோட எழுத்துல குற்றச்சாட்டு கொடுக்கணும், பதில் சொல்ல நாள் கொடுக்கணும், புகார் சொன்னவரே விசாரிக்கக் கூடாது, சாட்சியை அவர் குறுக்கு விசாரணை பண்ண விடணும். நடுவுல சஸ்பெண்ட் பண்ணா முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமா கொடுத்தாகணும். எடுத்த பிறகும் அவர் தொழிலாளர் துறைல அப்பீல் போகலாம்.

இதையெல்லாம் பயமுறுத்துறதுக்குச் சொல்லல. எடுக்கவே முடியாதுன்னும் சொல்லல. வேலை நேரத்துல போதைல இருந்தார், தப்பான பில் போச்சு, எச்சரிச்சும் திரும்ப நடந்துச்சுன்னு ஆதாரம் இருந்தா தாராளமா எடுக்கலாம். உங்ககிட்ட இப்ப அந்த ஆதாரம் இல்ல. செவந்த கண்ணு ஆதாரம் ஆகாது ஆச்சி, ராத்திரி ஷிப்டு பாக்குற 34 பேருக்கும் கண்ணு செவப்பாத்தான் இருக்கும். சர்க்கரை திடீர்னு இறங்கினாலும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலும் ஆள் போதைல இருக்குற மாதிரியே தெரியும்.

அதனால இன்னைல இருந்து ஒரு நோட்டுப் போடுங்க. "கஞ்சா அடிச்சிட்டு வந்தார்"னு அதுல எழுதக் கூடாது. "14ம் தேதி ராத்திரி 11.20ல இருந்து 11.55 வரை சீட்ல இல்ல. திரும்பி வந்து போட்ட மூணு கிளெய்ம்ல நோயாளியோட மெம்பர் நம்பர் மாறியிருக்கு. ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பாத்தார். நடை தள்ளாடுச்சு." இப்படிக் கண்ணால பாத்ததை மட்டும் எழுதி, பாத்தவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அவரோட வேலைக்கும் இதான் பாதுகாப்பு, உங்களுக்கும் இதான் பாதுகாப்பு.

உக்காந்து பேசுறது

இதைத்தான் நீங்க தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றீங்க, எனக்குப் புரியுது. மேனேஜர் பேச வேணாம், நீங்க பேசுங்க. ஷிப்டு ஆரம்பத்துல, அவர் தெளிவா இருக்குற நேரத்துல, கதவை உள்ள பூட்டாம. அந்த நோட்டு கையில இருக்கட்டும். "தம்பி, ஜனவரில உன் டீம்ல நூத்துக்கு ரெண்டு தப்பு, இப்ப ஒன்பது. இந்த மூணு தேதில உன்னை இடத்துல காணோம். எனக்குக் கவலையா இருக்கு, உடம்புக்கு என்ன?" அவ்வளவுதான், இதுக்கு மேல நீங்க பேசக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவர் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணலாம், கோபப்படலாம், அழலாம். எதுவா இருந்தாலும், "என்ன காரணம்னு எனக்குச் சொல்லணும்னு இல்ல, டாக்டர்கிட்ட சொல்லு. டாக்டரைப் போய்ப் பாக்க லீவு தர்றேன், வேலை போகாது. ஆனா தப்பு இப்படியே போனா நான் முறைப்படி நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்"னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. வேலை இருக்கும்னு மட்டும் சொன்னா அவர் தப்பிக்கப் பாப்பார், வேலை போகும்னு மட்டும் சொன்னா மறைப்பார்.

"ஆமா நான் சாப்பிட்டேன்"னு எழுதி வாங்காதீங்க, ப்ளீஸ். மிரட்டி வாங்கினதுன்னா கோர்ட்ல நிக்காது, நிஜமா அவரே எழுதினதுன்னா அது அவர் கழுத்துக்குக் கயிறு.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லலாமான்னு கேட்டிருந்தீங்க. உங்களுக்கு அவர் கணக்குப்பிள்ளை மகன், சின்ன வயசுல வளவுல விளையாடின பையன். சட்டத்துக்கு அவர் 26 வயசு ஆள். அவர் சம்மதம் இல்லாம அப்பாகிட்ட போகாதீங்க. கொப்புடையம்மன் கோயில் கிட்ட ஒரு வார்த்தை சொன்னா செக்காலை ரோட்டுல அது மூணு வார்த்தையா வந்து நிக்கும், கல்யாணம் பேசுற வயசுப் பையன் வேற. நிரூபிக்காததைப் பரப்பினா பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுல அவதூறு கேஸும் போடலாம். "அப்பாகிட்ட நீயே சொல்றியா, நான் கூட இருக்கவா"ன்னு கேளுங்க, முக்கால்வாசிப் பேர் சரிம்பாங்க.

வேன் வரவே கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல போதையால வர்ற மனநிலைப் பாதிப்பும் நோய்தான், அதுக்கு சிகிச்சை வாங்குறதும் விவரம் வெளில போகாம இருக்குறதும் நோயாளியோட உரிமை. ஒருத்தரை முதலாளி சொல்லி அடைக்குறதுக்கு அதுல வழியே இல்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கு. சாராயமோ தூக்க மாத்திரையோ ரொம்ப நாள் சாப்பிட்டவங்களை திடீர்னு நிறுத்தி ரூம்ல அடைச்சா வலிப்பு வந்து உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வைல குறைக்கணும். காரைக்குடி அரசு ஆஸ்பத்திரி, சிவகங்கை மெடிக்கல் காலேஜ், மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுன்னு போகலாம். போன்ல ஆரம்பிக்கணும்னா போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பேர் சொல்லணும்னு அவசியமில்ல.

அந்தத் தம்பிக்குக் கேஸ் பயம் இருந்தா போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தோட 64ஏ பிரிவைச் சொல்லுங்க. பழக்கத்துக்கு ஆளான ஒருத்தர், உபயோகிச்சதுக்கோ சின்ன அளவு வச்சிருந்ததுக்கோ கேஸ்ல மாட்டியிருந்தாலும், அரசு நடத்துற இல்ல அரசு அங்கீகரிச்ச இடத்துல தானா முன்வந்து சிகிச்சை எடுத்தா வழக்கு நடவடிக்கைல இருந்து விலக்கு உண்டு. பாதில விட்டுட்டு ஓடினா அந்த விலக்கை எடுத்துடலாம். சம்பளம் 21,000க்குள்ள இருக்குறதால உங்க ஆபீஸ் ஈ.எஸ்.ஐ. கட்டுறீங்கன்னா, டாக்டர் சர்டிபிகேட் மேல வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்க வழி இருக்கு. தனியார் இன்சூரன்ஸை நம்பாதீங்க, போதை சிகிச்சைக்குக் கிடையாதுன்னு பல பாலிசில தெளிவாவே போட்டிருக்கும்.

சிகிச்சைக்கு ஒத்துக்கிட்டா ஒரு பக்கத்துல ஒப்பந்தம் எழுதுங்க. எத்தனை நாள் லீவு, திரும்பி வந்ததும் மூணு மாசம் டீம் லீடர் பொறுப்பு இல்லாம பகல் வேலை, மாசம் ஒரு தடவை டாக்டரைப் பாத்ததுக்கான சீட்டு (என்ன பேசினார்னு வேணாம், பாத்தார்னு மட்டும்), திரும்ப வேலைல தப்பு வந்தா என்ன நடக்கும். பழக்கம் ஒருதடவை திரும்ப வரலாம்னு டாக்டர்களே சொல்லுவாங்க, அதையும் இப்பவே எழுதிடுங்க, அப்ப ஆத்திரத்துல முடிவெடுக்க வேணாம் பாருங்க. 1995ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதுக்கே ஒரு நடைமுறைத் தொகுப்பு போட்டிருக்கு, அதுவும் இதை உடல்நலப் பிரச்சினையாத்தான் பாக்கச் சொல்லுது. சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்ச டி.டி.ஆர். அறக்கட்டளை ஆஸ்பத்திரில, நிறுவனங்களோட சேந்து ஊழியர்களை மீட்டு வேலைக்குத் திருப்பி அனுப்புற வேலையைப் பல வருஷமா பண்றாங்க, ஒரு போன் போட்டுக் கேளுங்க.

கூடவே உங்களையும் ஒண்ணு கேக்கணும். வாரத்துல ஆறு ராத்திரி, நடுவுல எத்தனை நிமிஷம் பிரேக் கொடுக்குறீங்க? பகல்ல தூக்கம் வராம தூக்க மாத்திரை, ராத்திரி முழிக்க இன்னொண்ணுன்னு ஆரம்பிச்சு இதுக்குள்ள விழுந்தவங்களை நான் பாத்திருக்கேன். இந்தத் தம்பிக்கு அப்படித்தான்னு சொல்ல வரல, டார்கெட்டையும் ஷிப்டையும் ஒருதடவை நீங்க எடுத்துப் பாருங்க.

டீ கொண்டு வர்ற பையன்

லெட்டர்ல கடைசில ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க, என்னை ரொம்ப உறுத்தினது அதான். உபயோகிக்கிறவரும் விக்கிறவரும் ஒண்ணு இல்ல. உங்க இடத்துக்குள்ள யாராவது விக்கிறாங்கன்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தா அங்க பேச்சுவார்த்தைக்கு இடமே இல்ல, 10581க்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, அது போதைப் பொருள் புகாருக்குன்னே தமிழ்நாடு போலீஸ் வச்சிருக்குற இலவச நம்பர். ஆனா அந்தப் பையனுக்கு என்ன வயசுன்னு நீங்க எழுதல. 18க்குக் கீழன்னா அவன் குற்றவாளி இல்ல, அவன் கையில கொடுத்து அனுப்புறவன்தான் குற்றவாளி. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 78வது பிரிவு, குழந்தையை வச்சு போதைப் பொருள் கடத்துறவங்களுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும்னு சொல்லுது. மேனேஜர் அவனைப் பிடிச்சு அடிச்சுக் கேக்கலாம்னு நினைச்சிருந்தா தடுத்துடுங்க. 1098 குழந்தைகள் உதவி நம்பர், அங்க சொல்லலாம்.

பொட்டலத்தை நாளைக்கே முடிச்சிடுங்க, சர்க்குலர் இந்த வாரத்துக்குள்ள, தம்பிகிட்ட பேசுறது அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் போகட்டும், அவசரமில்ல. அதுவரைக்கும் ஒரே ஒரு விஷயம். எந்த ராத்திரியாவது அவர் தள்ளாடுற மாதிரி தெரிஞ்சா சண்டை போடாதீங்க, கேள்வி கேக்காதீங்க, பைக் சாவியை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு தெரிஞ்ச ஆட்டோக்காரரை வரச்சொல்லி, கூட ஒரு ஆளையும் ஏத்தி வீட்டு வாசல் வரைக்கும் விட்டுட்டு வரச் சொல்லுங்க. மூணரை மணிக்கு திருச்சி – ராமேஸ்வரம் ரோட்டுல லாரிங்க எந்த வேகத்துல வரும்னு உங்களுக்கே தெரியும்.